இரவல் அடையாளம்

1959-ஆம் ஆண்டு ஃபெண்டர் நிறுவனம் செய்த பாஸ்மேன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் பின்பக்கத்தைத் திறந்தால் ஆறு கண்ணாடி வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். வீட்டு மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த ஒன்று, கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை ஏற்றிக் கொடுக்க மூன்று சிறியவை, ஸ்பீக்கரை அதிரவைக்கும் வலுவைத் தர இரண்டு பெரியவை. அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்த அப்படியொரு பெட்டியில் இன்றும் தொழிற்சாலையில் பொருத்திய அதே வால்வுகள் இருப்பது அபூர்வம். பலமுறை மாற்றியிருப்பார்கள். உலர்ந்துபோன கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதியவை வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து வேறு ஒட்டியிருப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வைத்திருப்பவர் அதை 1959 பாஸ்மேன் என்றே சொல்கிறார். அந்தப் பெயருக்குத்தான் விலையும் கிடைக்கிறது. அவர் சொல்வது உண்மையா? உண்மையென்றால் அது எதைப் பற்றிய உண்மை? பழைய சாமான் சேர்ப்பவர்களின் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கோயில் இந்தக் கேள்விக்குச் சடங்காகவே ஒரு பதில் வைத்திருக்கிறது. பௌத்தம் இதைக் கொண்டு ஆன்மாவையே மறுத்தது. திருச்சுழியில் பிறந்த ஒருவர் இதைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டார். இங்கே நான் நிறுவ முயல்வது இதைத்தான்: ஒரு பொருள் அன்றிருந்த அதே பொருளாக இருப்பது அந்தப் பொருளின் சொந்தக் குணம் அல்ல, நாம் அதற்கு இரவலாகக் கொடுத்தது, ஆனால் கொடுக்கிறவரின் இருப்பையும் அதே வகையில் இரவல் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் வால்வு ஏன் சாகிறது என்று பார்க்க வேண்டும். அதன் நடுவில் கேத்தோடு என்ற மெல்லிய உலோகக் குழல் இருக்கிறது. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் பூச்சு. உள்ளிருக்கும் இழை குழலைச் சூடேற்ற, பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு வெற்றிடத்தைக் கடந்து பிளேட்டுக்குப் போகின்றன. இடையில் இருக்கும் கிரிட் என்ற கம்பிவலை அந்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. ஒலி பெருகுவது இப்படித்தான். ஆனால் வேலை செய்யச் செய்யப் பூச்சு தேய்கிறது. கண்ணாடியின் உட்புறம் மின்னும் வெள்ளிநிறப் படலம், எஞ்சிய வாயுவை உறிஞ்சிக்கொள்வதற்காக வைத்தது. கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று புகுந்தால் அது வெளுத்துவிடும். அதோடு வால்வு முடிந்தது. ஆக, எந்த வேலைக்காக வால்வு இருக்கிறதோ அந்த வேலையே அதைத் தீர்க்கிறது. செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் மற்ற பாகங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தவர்கள் வால்வுகளை மட்டும் கையால் பிடுங்கி மாட்டும்படி சாக்கெட்டில் வைத்தார்கள். எது போகும், எது நிற்கும் என்ற பிரிவினை பிற்காலத்து மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு அல்ல; பெட்டி பிறந்த நாளிலேயே அதற்குள் இருந்தது. இன்னொன்றும் உண்டு. ஆம்பெக் எஸ்.வி.டி. போன்ற 300 வாட் பெட்டியில் ஆறு பெரிய வால்வுகள் சேர்ந்து சுமை இழுக்கின்றன. அவற்றை மாற்றும்போது ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும் வால்வுகளாகப் பொறுக்கி வைத்து, கிரிட்டுக்குப் போகும் எதிர்மின்னழுத்தத்தைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். பயஸ் வைப்பது என்று அதற்குப் பெயர். செய்யாமல் விட்டால் பிளேட் சிவக்கப் பழுத்து, புது வால்வே எரிந்துபோகும். புதியது சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதாது, பெட்டி அதை ஏற்றுக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும். பழைய வால்வின் ஒலியே வேறு. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஆலையில் முல்லார்டு செய்ததும், பெங்களூரில் 1961 முதல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்ததும், இன்று பெரும்பாலும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இருந்து வருவதும் ஒன்றாகுமா? வால்வு மாறினால் ஒலி மாறுகிறது, ஒலி மாறினால் பெட்டியும் வேறுதானே என்பார்கள். ஒலி மாறலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒலி ஒத்திருப்பதும் பெட்டி ஒன்றாக இருப்பதும் இரண்டு வேறு செய்திகள். 1990-இல் ஃபெண்டர் நிறுவனமே 1959 பாஸ்மேனை மறுபடி தயாரித்து விற்றது. அதில் ஒன்று பழைய பெட்டியைப் போலவே ஒலித்தாலும் யாரும் அதை 1959-இல் பிறந்தது என்று சொல்வதில்லை. மறுபக்கம், பழைய பெட்டியில் மட்டமான வால்வைப் போட்டு ஒலி கெட்டால், "இந்தப் பெட்டி முன்புபோல் இல்லை" என்று குறைபட்டுக்கொள்கிறோம். அப்படிக் குறைபட்டுக்கொள்வதற்கே அது அதே பெட்டியாக இருந்தாக வேண்டும். ஒலியில்தான் அடையாளம் இருக்கிறது என்ற வாதம் இரண்டு பக்கமும் இடிபடுகிறது. சரி, பாகங்களில் இருக்கிறதா என்றால், அந்த வழியை 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் ஹாப்ஸ் அடைத்துவிட்டார். ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிப் பாதுகாத்தார்கள் என்று புளூடார்க் எழுதியிருந்தார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொருவர் ஒரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று ஹாப்ஸ் கேட்டார். வால்வு விஷயத்தில் இது கற்பனைகூட அல்ல. பழைய பெட்டியிலிருந்து கழற்றிய முல்லார்டு வால்வுகள் நல்ல விலைக்குப் போய் வேறு பெட்டிகளில் எரிகின்றன. பழைய பெட்டி அங்கே குடிபோய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கம் இதற்கு அன்றாடச் சான்று கிடைக்கும். மழையை நம்ப முடியாத பூமி. கண்மாய் நிறையும் ஆண்டைவிட நிறையாத ஆண்டைப் பற்றித்தான் பேச்சு அதிகம். கிணற்றையும் போர்வெல்லையும் நம்பிய வெள்ளாமை என்பதால் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்கு எப்போதும் வேலை உண்டு. குறைந்த அழுத்த மின்சாரத்தில் ஓடி காயில் கருகிய மோட்டாரைப் பிரித்து, எரிந்த செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை பேரிங், அதற்கடுத்த முறை ஷாஃப்ட். சில ஆண்டுகளில் வார்ப்பிரும்பு உடம்பைத் தவிர மிச்சம் எல்லாம் வேறாகியிருக்கும். விவசாயிக்கு அது அப்பா வாங்கிப்போட்ட மோட்டார்தான். வங்கிக் கடனும் மின் இணைப்பு எண்ணும் அந்த மோட்டாரின் பேரில்தான் தொடர்கின்றன. இதில் அவர் ஏமாறுகிறார் என்று சொல்ல முடியுமா? எதை எப்போது மாற்றினார் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அதே மோட்டார் என்கிறார். உலோகத்தின் நிலவரத்தை அறிவிப்பது அவர் நோக்கம் அல்ல. அந்தக் கிணற்றில், அந்தத் தண்ணீருக்காக, அந்தக் குடும்பம் விடாமல் பேணிவந்த ஒன்று என்று அதற்கு ஓர் இடம் கொடுக்கிறார். அந்த இடம்தான் அடையாளம். இரும்புக்குள் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. பேணுகிறவர் இல்லாமல் போனால் அதே இரும்பு காயலான் கடையில் கிலோக் கணக்கில் போய்விடும்.

ஆகமம் இதை நன்றாக அறிந்திருக்கிறது. குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழிபாட்டில் ஒரு கோயிலின் எந்தச் சுவர், எந்தக் கல் முதலிலிருந்தே நிற்கிறது என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைக்காது. ஆனால் இது வேறு கோயில் என்று எந்தத் தலைமுறையும் சொல்லவில்லை. ஏனென்றால் மாற்றுவதற்கென்றே முறை இருக்கிறது. திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்கிறார்கள். மூர்த்தியின் சக்தியைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு வரவழைத்து, யாகசாலையில் பூசித்து, வேலை முடிந்ததும் திரும்பவும் மூர்த்தியிடம் சேர்க்கிறார்கள். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் செய்வது. நாளடைவில் அது இறுகி வெடிக்கும், தளரும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற வழக்கம் அதனால் வந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: மருந்து கெடும் என்பதைக் கோயில் ஒளிக்கவில்லை, கெடுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறது. பூரியில் ஜெகந்நாதரின் மர உருவத்தையே மாற்றுகிறார்கள்; கடைசியாக 2015-இல் நடந்தது. அங்கே பழைய உருவத்திலிருந்து பிரம்ம பதார்த்தம் என்ற ஒன்றை, கண்ணைக் கட்டிக்கொண்ட பூசகர் இரவில் எடுத்துப் புதிய உருவத்துக்குள் வைக்கிறார். நம் பக்கத்து முறையில் அப்படிக் கைமாறும் திடப்பொருள் இல்லை. நீரும் தர்ப்பையும் மந்திரமுமே பாலம். தொடர்ச்சி பொருளில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எடுத்துவிட்டு எதை வேண்டுமானாலும் வைத்து, பழைய பெயரைச் சொல்லிக்கொள்ளலாமா? இந்த எதிர்ப்பு நியாயமானது. பழங்கோயிலின் கற்றூண்களை இடித்துவிட்டு டைல்ஸ் பதித்துத் திருப்பணி என்று பெயர் வைக்கும் கொடுமையைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபையரின் உள்ளே அச்சிட்ட சர்க்யூட் போர்டைப் போட்டு, வெளித்துணியை மட்டும் காட்டி விற்கும் ஏமாற்றும் நடக்கும். ஆனால் இரவல் என்றால் கணக்கில்லாதது என்று பொருளாகாது. இரவல் கொடுத்ததற்குத்தான் கணக்கு அதிகம். வால்வை சாக்கெட்டில் வைத்தவர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை போல்ட் போட்டு முடுக்கியவர்கள், எதை மாற்றலாம் என்று ஒரு வரம்பு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கெடுவதைத்தான் மாற்றலாம், கெட்டதால்தான் மாற்றலாம், மாற்றியதை மறைக்கக் கூடாது, மாற்றியபின் முழுமையோடு இணக்கப்படுத்த வேண்டும்: ஆகம முறைக்கும் நல்ல மெக்கானிக்குக்கும் இவை பொது. இந்த ஒழுங்கை மீறும்போது அடையாளம் அறுகிறது. அதை அறுப்பது புதிய பொருள் வந்தது அல்ல, பேணியவர்களின் நம்பிக்கை முறிந்தது.

இதுவரை பௌத்தர் என்னோடு உடன்படுவார். இதற்குப் பிறகு அவர் ஒரு தாவல் தாவுகிறார், அங்கேதான் நான் நின்றுவிட வேண்டியிருக்கிறது. கிரேக்க வம்சத்து மன்னன் மெனாண்டர் என்ற மிலிந்தனிடம் பிக்கு நாகசேனர் கேட்டது பிரசித்தம். நீ ஏறிவந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்ததற்கு வழங்கும் பெயர்தான் தேர் என்று மன்னன் ஒப்புக்கொண்டதும், நாகசேனன் என்பதும் அப்படி வழங்கும் பெயர்தான், உள்ளே ஆள் யாரும் இல்லை என்று முடித்தார். மணிமேகலையின் கடைசிக் காதைகள் வழியாகத் தமிழும் இந்த நெறியின் நுட்பங்களை அறியும். தேரைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தேரிலிருந்து ஆளுக்கு எப்படிப் போகிறார்? தேர் யாரோ ஒருவருக்குத்தான் தேர். ஆம்ப்ளிஃபையர் வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும்தான் அதே ஆம்ப்ளிஃபையர். பெட்டிக்குத் தான் 1959-இல் பிறந்தது தெரியாது, தெரியாததால் அதற்கு நட்டமும் இல்லை. பொருளின் அடையாளம் எப்போதும் இன்னொருவருக்காக இருப்பது என்பதால்தான் அதை வழக்கு என்று சொல்ல முடிந்தது. அந்த வழக்கைக் கொடுப்பவரும் வழக்குதான் என்றால், அவருக்கு அதைக் கொடுத்தவர் யார்? இன்னொருவர் என்றால் அவருக்கு யார்? எங்கேயோ ஓரிடத்தில் இரவல் வாங்காத ஒன்று இருந்தால்தான் இரவல் நடக்கும்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று, திருவாதிரை நள்ளிரவு கடந்து, வக்கீல் சுந்தரமய்யரின் மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன்; பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர். 1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது, அந்தப் பதினாறு வயதுப் பையனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. அவர் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டி, உதட்டை மூடி, மூச்சை அடக்கி, பிணம்போலக் கிடந்து, இந்த உடம்பு செத்தால் எது சாகிறது என்று பார்த்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர் பிறகு அங்கிருந்து அகலவில்லை. 1901 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் எழுதிக்காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சிறுநூலானது. உடம்பு, புலன்கள், தொழிற்கருவிகள், மூச்சு, மனம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும் முறை அதில் இருக்கிறது. நாகசேனரும் இப்படித்தான் பட்டியல் போட்டுத் தள்ளினார். இரண்டு பேரும் ஒரே பாதையில் வெகுதூரம் வருகிறார்கள். நாகசேனர் எல்லாவற்றையும் கழற்றியபின் பெட்டி காலி என்கிறார். ரமணர், கழற்றிப் பார்த்துக் காலி என்று அறிந்தது எது என்று கேட்கிறார். ஆம்ப்ளிஃபையரின் விஷயத்தில் இந்தக் கேள்வியைப் பெட்டிக்கு வெளியே நிற்பவரிடம் கேட்டுவிடலாம். என் விஷயத்தில் வெளியே நிற்க ஆள் இல்லை.

பௌத்தர் விடமாட்டார். நேற்றைய கணம் இன்றைய கணத்தை உண்டாக்கிவிட்டுப் போகிறது. முன்னது விட்ட தடம் பின்னதில் பதிகிறது. அந்தத் தொடரைத்தான் ஒருவர் என்று நினைக்கிறோம், நடுவில் நிலையான சாட்சி எதற்கு என்பார். இது வலுவான பதில். ஆனால் தடம் இருப்பதும் அதைத் தடம் என்று அறிவதும் வேறு. ஸ்பீக்கர் கூம்பில் முப்பது ஆண்டு அதிர்வு விட்ட தளர்ச்சி இருக்கிறது. அந்தக் கூம்பு தன் கடந்த காலத்தை நினைப்பதில்லை. அன்று கண்டதையும் இன்று காண்பதையும் பக்கத்தில் வைத்து இது அதுதான் என்று சொல்ல, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தாக வேண்டும். அது நிலையான பொருளா என்பதை இந்த வாதம் மட்டும் நிரூபித்துவிடாது. அவ்வளவு பெரிய சுமையை இதன் தலையில் நான் ஏற்றவில்லை. தேரை வைத்து ஆளை மறுக்க முடியாது என்பதற்கு இது போதும்.

இன்னும் கடுமையான எதிர்ப்பு ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. முதுமையில் நினைவு தப்பிய தாய், பெற்ற மகனைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறாள். தன் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை. அவளை அவளாக வைத்திருப்பது பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள்தானே, மோட்டாரை விவசாயி வைத்திருப்பது போல? அப்படியானால் மனிதரின் அடையாளமும் இரவல்தானே? ஒரு பாதி இதை ஒப்புக்கொள்கிறேன். இன்னாரின் மனைவி, இந்தத் தெருக்காரி, இந்தக் கைப்பக்குவத்துக்குப் பேர்போனவள் என்ற ஆள் உண்மையிலேயே மற்றவர்கள் பேணிவைத்திருக்கும் ஆள். அவள் மறந்துவிட்டாள் என்பதால் அந்தக் கடமை நம்மைவிட்டுப் போவதில்லை. பாலாலய காலத்தில் பூசை நிற்காதது போல அது நடந்தாக வேண்டும். மறுபாதியை ஒப்ப முடியாது. பெயரை இழந்த அந்தத் தாய்க்கும் பசிக்கிறது, பயமாக இருக்கிறது, தலையை வருடினால் இதமாக இருக்கிறது. அந்த இதம் யாருக்கு நேர்கிறதோ அவரை நாம் யாரும் அங்கே கொண்டுவந்து வைக்கவில்லை. எல்லா வால்வும் அவிந்த பெட்டிக்கு இருட்டு தெரியாது. நினைவெல்லாம் அவிந்த மனிதருக்குத் தெரிகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் பெயரும் உறவும் இல்லாமல் இருந்தும், விழித்ததும் நான் இல்லாமல் போயிருந்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லையே என்று ரமணர் தூக்கத்தை அடிக்கடி சான்றுக்கு இழுத்ததும் இதனால்தான்.

உடம்பு நான் அல்ல என்றால் உடம்பை எப்படி வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கும் அவர் வாழ்க்கை இடம் தரவில்லை. 1949-இல் அவருடைய இடது கையில் தோன்றிய கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவர்கள் அந்த ஆண்டில் பலமுறை அறுவை செய்தார்கள், அவர் அனுமதித்தார். கையையே எடுத்துவிடலாம் என்று சொன்னபோது வேண்டாம் என்றார். சித்த வைத்தியர்கள் வந்தார்கள், ஹோமியோபதி கொடுத்தவர்கள் வந்தார்கள். அன்பர்களின் மனத்துக்காக ஒவ்வொருவருக்கும் இடம் கொடுத்தார். வலியில்லாதது போல அவர் நடித்ததாக உடனிருந்தவர்கள் எழுதவில்லை; உடம்பு வலிக்கிறது என்பதை உள்ளபடி ஒப்புக்கொண்டார். 1950 ஏப்ரல் 14 இரவு அந்த உடம்பு அடங்கியது. கையைக் காப்பாற்றத் துடித்தவர்கள் தங்களுக்குப் பிரியமான திருமேனியைப் பேணினார்கள். அது அவர்கள் கொடுத்த இடம், அதை அவர் மறுக்கவில்லை. தன் இருப்பை மட்டும் அந்தக் கையோடு சேர்த்துக் கணக்கு வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அவர் பிறந்த திருச்சுழி வீட்டை ரமணாசிரமம் இன்றும் பராமரித்து வருகிறது. சுண்ணாம்பு அடிப்பதும் கெட்ட மரத்தை மாற்றுவதும் எந்தப் பழைய வீட்டுக்கும் உள்ளதுதான். அதற்காக அது அவர் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிடாது, அங்கே போய் உட்காருகிறவர்கள் இருக்கும்வரை.